கதவைத் தட்டியது யார், உள்ளே போனது யார்? ஜப்பான் அமெரிக்கா வர்த்தகப் பேச்சின் கதை



"இருதரப்பு வர்த்தகப் பேச்சுவார்த்தை", "சந்தைத் திறப்பு", "கட்டுப்பாடு தளர்வு" என்ற சொற்கள் இப்போது தினமும் செய்தியில் வருகின்றன. போன வாரம் நம் குடும்பக் குழுவில், மளிகைக் கடை வைத்திருக்கும் என் தங்கை மகன் கேட்டான்: "மாமா, ரெண்டு நாட்டு மந்திரிங்க எங்கயோ உக்காந்து பேசுறாங்க. அதுல என் கடைக்கு என்ன வந்துச்சு?"

நல்ல கேள்வி. குழுவில் நாலு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். நம் கதையைச் சொன்னால் கட்சி பேசுவதாக ஆகிவிடும். அதனால் ஏற்கெனவே நடந்து முடிந்து, பலனும் தெரிந்துவிட்ட ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். 1980களிலும் 90களிலும் ஜப்பானும் அமெரிக்காவும் நடத்திய பேச்சுவார்த்தைகள். கொஞ்சம் நீளம்தான். தேநீர் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பின்னணி. ஜப்பானியருக்கு "கதவைத் திற" என்ற சத்தம் புதிதல்ல. 1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு போர்க்கப்பல்களோடு இன்றைய டோக்கியோவுக்கு அருகே வந்து நின்றார். ஜப்பானியர் அவற்றைக் "கருப்புக் கப்பல்கள்" என்றார்கள். மறு ஆண்டு ஒப்பந்தம் ஆயிற்று. ஷிமோடா, ஹகோடாட்டே என்ற இரு துறைமுகங்கள் திறந்தன. 1858-ல் போட்ட அடுத்த ஒப்பந்தத்தில், இறக்குமதி வரியைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஜப்பான் இழந்தது. அதை முழுதாகத் திரும்பப் பெற 1911 வரை ஆனது. ஐம்பது வருடத்துக்கும் மேலே! இதனால்தான் நூறு ஆண்டு கழித்தும், அமெரிக்க அதிகாரி வந்து இறங்கினால் ஜப்பானியப் பத்திரிகைகள் "மறுபடியும் கருப்புக் கப்பல்" என்று எழுதும். வெளியிலிருந்து வரும் நெருக்குதலுக்கு அவர்கள் மொழியில் தனிச் சொல்லே உண்டு: "கையட்சு".

இனி நம் காலத்துக்கு வருவோம். போரில் தோற்ற ஜப்பான் நாற்பதே ஆண்டுகளில் கார், தொலைக்காட்சி, சிப் என்று அமெரிக்கக் கடைகளை நிறைத்தது. 1981-ல் அமெரிக்க நெருக்குதலால் ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்ப மாட்டோம் என்று ஜப்பான் "தானாக முன்வந்து" ஒப்புக்கொண்டது. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் ஐந்து நாடுகள் கூடி, டாலரின் மதிப்பைக் குறைக்க முடிவு செய்தன. ஒரு டாலருக்கு சுமார் 240 யென் என்று இருந்தது, இரண்டே ஆண்டில் 150க்கும் கீழே போனது. ஜப்பான் பொருளின் விலை ஏறும், அமெரிக்கர்கள் வாங்குவது குறையும் என்பது கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. 1987-ல் ஜப்பானோடு அமெரிக்காவுக்கு இருந்த வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 5,600 கோடி டாலர்.

வரி காரணமில்லை, நாணய மதிப்பும் காரணமில்லை என்றால் வேறு என்னதான் தடை? இங்கேதான் பேச்சின் தன்மையே மாறுகிறது. அதுவரை எல்லையில் வசூலிக்கும் வரியைப் பற்றிப் பேசினார்கள். இப்போது எல்லைக்கு உள்ளே, அந்த நாட்டின் சட்டம், கடைத்தெரு, காப்பீடு, கட்டுமான ஒப்பந்தம் எல்லாவற்றையும் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மாணவர்களே, இதை நினைவில் வையுங்கள். இன்றைய வர்த்தகப் பேச்சுகளிலும் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவைதான்.

1988-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வர்த்தகச் சட்டம் இயற்றியது. அதில் "சூப்பர் 301" என்ற பிரிவு. நியாயமற்ற முறையில் சந்தையை மூடி வைத்திருக்கும் நாடுகளை அரசு பெயர் சொல்லிப் பட்டியலிட வேண்டும். பேசித் தீரவில்லை என்றால் பதிலடி கொடுக்கலாம். 1989 மே மாதம் வர்த்தகப் பிரதிநிதி கார்லா ஹில்ஸ் மூன்று நாடுகளின் பெயரை அறிவித்தார். ஜப்பான், பிரேசில். மூன்றாவது? நம் இந்தியா! அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஜப்பான் மீது மூன்று குறிப்பான புகார்கள்: சூப்பர் கம்ப்யூட்டர், செயற்கைக்கோள், மரப்பொருள்கள். இவற்றோடு பெரிய விஷயங்களைப் பேசுவதற்கென்று அதே ஆண்டு ஜூலையில் தனியாக ஒரு பேச்சும் தொடங்கியது. "கட்டமைப்புத் தடைகள் முன்முயற்சி" என்று பெயர். அமெரிக்கா இருநூறுக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை நீட்டியது. நில வரியை மாற்று, ஏலத்தில் கூட்டுச் சதியைத் தடு, அரசுப் பணிகளுக்குச் செலவைக் கூட்டு, பெரிய கடைகளைத் தடுக்கும் சட்டத்தைத் தளர்த்து என்று நீண்ட பட்டியல். ஜப்பானும் சும்மா இருக்கவில்லை. "உங்கள் பட்ஜெட் பற்றாக்குறையைக் குறையுங்கள், மக்களைச் சேமிக்கச் சொல்லுங்கள், பள்ளிக் கல்வியைச் சரிசெய்யுங்கள்" என்று பதில் பட்டியல் கொடுத்தது. பள்ளிக் கல்வி ஒரு வர்த்தகப் பேச்சில் இடம் பெற்றதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

இந்தப் பெரும் பேச்சில் இரண்டு தரப்பாரின் கதையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒருவர் மாட்டுப் பண்ணைக்காரர். இன்னொருவர் சிறு கடைக்காரர்.

பண்ணைக்காரர் கதை.

ஜப்பானில் மாட்டிறைச்சிக்கும் ஆரஞ்சுக்கும் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு இருந்தது. அமெரிக்கா அதை நீக்கச் சொல்லிப் பல ஆண்டு கேட்டது. ஜப்பானிய விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். ஆளும் கட்சிக்குக் கிராமத்து ஓட்டுதான் உயிர். ஹதா என்ற முன்னாள் விவசாய அமைச்சர் 1987-ல் வாஷிங்டன் போய், ஜப்பானியரின் குடல் நீளமானது, அதனால் மாட்டிறைச்சி அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது என்று சொன்னதாகச் செய்தி வந்து உலகமே சிரித்தது. பிற்பாடு அவர் பிரதமராகவும் ஆனார்.

1988 ஜூனில் உடன்பாடு ஏற்பட்டது. கட்டுப்பாடு உடனே நீங்கவில்லை. மூன்று ஆண்டு அவகாசம். 1991 ஏப்ரலில் அளவுக் கட்டுப்பாடு போய், அதன் இடத்தில் வரி வந்தது: முதல் ஆண்டு 70 சதவீதம், பிறகு 60, பிறகு 50. இதைவிட முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். அந்த இறக்குமதி வரியில் கிடைக்கும் பணத்தைச் சொந்த நாட்டுக் கன்று வளர்ப்போருக்கே ஒதுக்கினார்கள். கன்றின் சந்தை விலை, அரசு உறுதி சொன்ன விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அந்தப் பணத்திலிருந்து கொடுத்தார்கள். கதவைத் திறந்ததால் வரும் பணம், கதவு திறந்ததால் அடிபடுகிறவருக்குப் போனது.

அப்படியும் பாதிப்பு இருந்தது. 1990-ல் ஜப்பான் சாப்பிட்ட மாட்டிறைச்சியில் ஏறக்குறைய பாதி உள்நாட்டில் விளைந்தது. பத்து ஆண்டில் அது சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சிறிய பண்ணைகள் பல மூடின. ஆனால் மிஞ்சியவர்கள் மலிவு இறைச்சியோடு போட்டியிடாமல் தரத்தில் கவனம் வைத்தார்கள். "வாக்யு" என்ற பெயர் இன்று உலகம் முழுக்கத் தெரியும். திறக்கச் சொல்லிச் சண்டை போட்டது அமெரிக்கா. திறந்த கதவு வழியே அமெரிக்காவோடு சேர்ந்து ஆஸ்திரேலியாவும் நிறைய விற்றது. கதவு என்றால் அப்படித்தான், தட்டியவர் மட்டுமே நுழைவார் என்று சொல்ல முடியாது.

கடைக்காரர் கதை.

1973-ல் ஜப்பானில் பெரிய சில்லறைக் கடைகளுக்கான சட்டம் வந்தது. 1978-ல் அதைத் திருத்தி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளுக்கும் பொருந்தும்படி செய்தார்கள். ஒரு பெரிய கடை வரவேண்டும் என்றால் அந்த ஊர் வணிகர்கள் இருக்கும் குழுவோடு பேசி முடிக்க வேண்டும். கடையின் பரப்பளவு, மூடும் நேரம், விடுமுறை நாள் எல்லாம் அங்கே பேசப்படும். சில ஊர்களில் இந்தப் பேச்சே ஏழெட்டு ஆண்டு, பத்து ஆண்டுகூட இழுத்தது. சம்மதம் வாங்கி முடிப்பதற்குள் கடை திறக்கும் ஆசையே போய்விடும்.

சிறு கடைக்காரருக்கு இது பாதுகாப்பு. சாமான் வாங்குகிறவருக்கு? பொருள் பல கைகள் மாறி வந்ததால் விலை அதிகம். ஜப்பானில் செய்த பொருளே நியூயார்க்கில் மலிவாகவும் டோக்கியோவில் விலை கூடுதலாகவும் கிடைத்த வேடிக்கை உண்டு. அதனால்தான் அமெரிக்கக் கோரிக்கைகள் பலவற்றை ஜப்பானிய மக்களில் ஒரு பகுதியினர் வரவேற்றார்கள். நம் எதிர்க்கட்சிகள் கேட்காததை அமெரிக்கா கேட்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஜப்பானின் பெரிய கடை நிறுவனங்களுக்கும் உள்ளூர மகிழ்ச்சி. தாங்கள் வாய்விட்டுக் கேட்க முடியாததை வெளியார் கேட்டுக் கொடுக்கிறார்களே!

1990 ஜூன் 28 அன்று இறுதி அறிக்கை வந்தது. கடை அனுமதிக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகக்கூடாது என்று முடிவு. பிறகு சட்டத்தையும் திருத்தி ஓராண்டாகக் குறைத்தார்கள். 2000-ல் அந்தச் சட்டமே போய்விட்டது. வேறொரு சட்டம், போக்குவரத்து, சத்தம், குப்பை போன்றவற்றை மட்டும் பார்ப்பது, அதன் இடத்துக்கு வந்தது.

இந்தத் திறப்பின் அடையாளமாக எல்லோரும் சொன்னது டாய்ஸ் ஆர் அஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கடை. 1991 டிசம்பரில் இபராகி மாநிலத்தில் முதல் கடை. 1992 ஜனவரியில் நாரா மாநிலத்தில் இரண்டாவது கடை. அதன் திறப்புக்கு அமெரிக்க அதிபர் மூத்த புஷ் நேரிலேயே போனார். ஒரு பொம்மைக் கடைக்கு ஒரு நாட்டின் அதிபர்! அதே பயணத்தில்தான், ஜனவரி 8 இரவு விருந்தில் உடல்நலம் குன்றி, பக்கத்தில் இருந்த பிரதமர் மியாசாவா மீது சாய்ந்தார்.

இப்போது கணக்குப் பார்ப்போம். கதவைத் தட்டியது அமெரிக்கா. உள்ளே அதிகம் போனது யார்? இட்டோ யோகாடோ, டாய்எய், ஜஸ்கோ போன்ற ஜப்பானியப் பெரிய நிறுவனங்கள்தான். பிரெஞ்சுக் கடையான கார்ஃபூர் 2000-ல் வந்து 2005-ல் கிளம்பிவிட்டது. இன்னொரு வேடிக்கை. பெரிய கடைச் சட்டம் இருந்த காலத்தில், சிறிய கடைகளாகவே நடத்தலாம் என்று இட்டோ யோகாடோ அமெரிக்காவின் செவன் லெவன் பெயரை உரிமம் வாங்கி 1974-ல் டோக்கியோவில் முதல் கடையைத் திறந்தது. அது ஒரு சாராயக் கடையை மாற்றி அமைத்தது. 1991-ல் அதே ஜப்பானியக் குழுமம், கடனில் மூழ்கிய அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பெரும்பங்கையே வாங்கிவிட்டது. டாய்ஸ் ஆர் அஸ் கதையும் அப்படியே. 2018-ல் அமெரிக்கக் கடைகள் மூடின. ஜப்பான் கடைகள் தொடர்ந்து நடந்தன.

சரி, சிறு கடைக்காரர்? 1982-ல் ஜப்பானில் சுமார் 17 லட்சம் சில்லறைக் கடைகள் இருந்தன. 2007-ல் சுமார் 11 லட்சம். ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை இரு பக்கமும் மீன், காய்கறி, பாத்திரம், துணி என்று இருந்த கடைத்தெருக்கள் பல ஊர்களில் அடைத்துக் கிடக்கின்றன. இறக்கிவிட்ட ஷட்டர்கள் மட்டும் தெரிவதால் அவற்றுக்கு "ஷட்டர் தெரு" என்றே பெயர் வந்துவிட்டது. புதிய பெரிய கடைகள் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் வந்தன. கார் ஓட்ட முடியாத வயதானவர்கள் அன்றாடச் சாமான் வாங்கவே சிரமப்படுகிறார்கள்.

பழி முழுவதையும் ஒப்பந்தத்தின் மேல் போடுவது சரியாகாது. கடைகள் குறைய ஆரம்பித்தது 1982-லிருந்தே. அப்போது அந்தச் சட்டம் வலுவாக இருந்தது. கடைக்காரர்களுக்கு வயதாயிற்று, பிள்ளைகள் கடைக்கு வர விரும்பவில்லை, எல்லோரும் கார் வாங்கினார்கள். ஆனாலும் பண்ணைக்காரரையும் கடைக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பண்ணைக்காரருக்கு மூன்று ஆண்டு அவகாசம், படிப்படியான வரி, அந்த வரியிலிருந்தே உதவி என்று எல்லாம் எழுத்தில் இருந்தன. கடைக்காரருக்குக் கடைத்தெருவை அழகுபடுத்தக் கொஞ்சம் மானியம் கிடைத்தது. விலை குறைந்ததில் வந்த லாபத்தில் அவர் பங்கு எது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. என் தங்கை மகன் கேட்ட கேள்விக்கு விடை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இன்னும் மூன்று செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, எண் வைத்து ஒப்புக்கொள்வதன் ஆபத்து. 1986-ல் சிப் ஒப்பந்தத்தின்போது, ஜப்பான் சந்தையில் வெளிநாட்டுச் சிப்புகளுக்கு 20 சதவீதம் என்ற எதிர்பார்ப்பு ஒரு இணைப்புக் கடிதத்தில் இடம்பெற்றது. ஜப்பான் அதை விருப்பம் என்று நினைத்தது. அமெரிக்கா வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் மீறப்பட்டது என்று சொல்லி 1987-ல் 30 கோடி டாலர் மதிப்புள்ள ஜப்பானியப் பொருள்களுக்கு 100 சதவீத வரி போட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாதல்லவா? 1994 பிப்ரவரியில் கிளின்டன் எண் இலக்கு கேட்டபோது பிரதமர் ஹொசொகாவா முடியாது என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். 1995-ல் 13 வகைச் சொகுசுக் கார்களுக்கு 100 சதவீத வரி என்று அமெரிக்கா மிரட்டியது. அப்போது அமைச்சராக இருந்த ஹஷிமோட்டோ, புதிதாகத் தொடங்கிய உலக வர்த்தக அமைப்பிடம் வழக்கை எடுத்துப் போனார். ஜூன் 28, கெடு முடியும் நாளில், ஜெனீவாவில் சமரசம். அரசு எந்த எண்ணையும் ஒப்புக்கொள்ளவில்லை. கார் நிறுவனங்கள் தாங்களே தங்கள் திட்டங்களை அறிவித்தன. அமெரிக்கப் பிரதிநிதி கான்டர் ஒரு மதிப்பீட்டைப் படித்தார். அதற்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்றது ஜப்பான். இரண்டு பேருமே வெற்றி என்று சொல்லி வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு, கட்டுப்பாடு தளர்ந்ததால் உண்மையாகவே நன்மை வந்த இடம். ஜப்பானில் 1994 ஏப்ரல் வரை கைப்பேசியை வாங்க முடியாது, வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். அந்த விதி நீங்கியது, போட்டியும் கூடியது. 1994 மார்ச்சில் சுமார் 21 லட்சம் பேரிடம் இருந்த கைப்பேசி, இரண்டே ஆண்டில் ஒரு கோடியைத் தாண்டியது. தளர்த்துவது என்றாலே கெடுதல் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, சுதந்திரச் சந்தை பேசுகிறவர் எப்போதும் அதையே கேட்பதில்லை. ஜப்பானில் புற்றுநோய்க் காப்பீடு போன்ற ஒரு பகுதியில் அமெரிக்க நிறுவனங்கள்தான் அதிகம் விற்றுக்கொண்டிருந்தன. 1996 ஒப்பந்தத்தில், பெரிய ஜப்பானிய நிறுவனங்களை அந்தப் பகுதிக்குள் தாராளமாக விடக்கூடாது என்று அமெரிக்கா கேட்டு வாங்கியது. 2001 வரை அந்தத் தடை இருந்தது. ஒரு கையால் கதவைத் திற என்றவர் மறு கையால் இன்னொரு கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை பேச்சுக்குப் பிறகு பற்றாக்குறை குறைந்ததா? 2000-ல் அது சுமார் 8,100 கோடி டாலர். 1987-ஐ விட அதிகம். தொடங்கிய நோக்கம் நிறைவேறவில்லை, ஆனால் ஒரு நாட்டின் கடைத்தெரு மாறிவிட்டது. கதையும் முடியவில்லை. 2025 ஜூலையில் அறிவித்த உடன்பாட்டில் ஜப்பான் பொருள்களுக்கு 15 சதவீத வரி, அமெரிக்காவில் 55,000 கோடி டாலர் முதலீடு, அமெரிக்க அரிசிக்குக் கூடுதல் இடம் என்று மறுபடியும் பேசினார்கள்.

இனி நம் நாட்டுக் கதை. 1989 பட்டியலில் இந்தியா மீது இரண்டு புகார்கள்: அந்நிய முதலீட்டுக்கு விதிக்கும் நிபந்தனைகள், மூடிக்கிடக்கும் காப்பீட்டுத் துறை. ஆயுள் காப்பீடு 1956-ல் தேசியமயமானது, பொதுக் காப்பீடு அதற்குப் பின் 1970களில். மிரட்டலுக்குக் கீழே உட்கார்ந்து பேச மாட்டோம் என்று இந்திய அரசு சொல்லிவிட்டது. ராஜீவ் காந்தி ஆட்சி போய் வி.பி. சிங் ஆட்சி வந்தபின்னும் அதே நிலைதான். 1990 ஜூனில் அமெரிக்கா, "இந்தியாவின் நடைமுறை நியாயமற்றது, ஆனாலும் இப்போது பதிலடி இல்லை" என்று முடித்துக்கொண்டது. மறு ஆண்டே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து நாம் வேறு வழியில் கதவுகளைத் திறந்தோம். காப்பீட்டில் தனியாருக்கு 1999-ல்தான் அனுமதி. அந்நியப் பங்கு 26 சதவீதம் வரை. 2021-ல் அது 74 ஆனது. மிரட்டியபோது திறக்காத கதவைப் பத்து ஆண்டு கழித்து நாமே, நம் நாடாளுமன்றத்தில் விவாதித்து, ஒரு ஒழுங்குமுறை ஆணையத்தையும் அமைத்துத் திறந்தோம். அந்த இடைவெளி நல்லதா கெட்டதா என்று வாதாடலாம். அரசு நிறுவனத்துக்குத் தயாராக நேரம் கிடைத்தது என்பது என் கட்சி.

எனவே பிள்ளைகளே, அடுத்த முறை "ஒப்பந்தம் கையெழுத்தானது" என்று செய்தி வந்தால் கைதட்டுவதற்கும் திட்டுவதற்கும் முன்னால் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த விதி மாறுகிறது? எத்தனை ஆண்டு அவகாசம்? லாபம் யாருக்கு? நட்டம் அடைகிறவருக்கு எழுத்தில் என்ன இருக்கிறது? நான்காவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அது உங்கள் தெருக் கடையைப் பற்றிய செய்தி என்று புரிந்துகொள்ளுங்கள்.

வணிகம் படித்தவர்களும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களும் உங்களில் பலர் இருக்கிறீர்கள். ஜப்பானில் இருப்பவர்கள் உங்கள் ஊர்க் கடைத்தெரு இன்று எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். வழக்கம்போல, நன்றாக எழுதுபவர்களுக்கு மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்